ஓரகத்தியின் சர்வர்

அணைத்துவிட்டுப் போன கணினியிலிருந்து பதில் வந்தது.

பெரியவள் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். பிற்பகல் மூன்று மணி. அவளுடைய ஓரகத்தி, சின்னவள், மாமியாரைக் கண் மருத்துவரிடம் அழைத்துப் போயிருந்தாள். தன் கணினியை அணைத்து, அறையைப் பூட்டிச் சாவியையும் எடுத்துப் போயிருந்தாள். வீட்டில் ஈரத்துணி வாடையும், குளிர்சாதனப் பெட்டியின் முனகலும், சுவருக்கு அப்பால் விசிறி சுற்றுவதுபோல் மெல்லிய இரைச்சலும் மட்டுமே இருந்தன.

இருவரும் ஒரே பயிற்சி வகுப்பு. கோப்பின் பெயரைக் கேட்டால் எடுத்து அனுப்பும் சின்ன சர்வர் புரோகிராம் ஒன்றை எழுத வேண்டும். நாளை தேர்வு; வேலை ஒருத்திக்குத்தான். சின்னவளுடையது மூன்றாம் நாளே ஓடியது. பெரியவளுடையது பத்து நாளாகியும் அசையவில்லை.

"அக்கா, நான் வேணா பாத்துத் தரட்டா?" என்று சின்னவள் காலையில்கூடக் கேட்டாள்.

"இந்த வீட்டையே மயக்கியாச்சு, மெஷினையும் மயக்கிட்ட. என்னை விட்டுடும்மா."

பெரியவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வயிறு எரிந்தது.

ஆனால் ஒன்றைக் கவனித்திருந்தாள். சின்னவளின் சர்வர் கேட்ட பெயரைச் சரிபார்ப்பதே இல்லை. பொது ஃபோல்டருக்கு வெளியே எதைக் கேட்டாலும் கொடுத்துவிடும். நாளை அதிலேயே தோற்பாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும், காசா பணமா? அந்த வார்த்தையைப் பெரியவள் விழுங்கிவிட்டாள்.

இப்போது அந்த ஓட்டை வழியாகவே சின்னவளின் புரோகிராமைக் கேட்டாள். வந்தது. கடிதங்களைக் கேட்டாள். வந்தன. ஆற்றாமையில், 'சிரிப்பு' என்று அடித்தாள். ஸ்பீக்கரில் மாமியார் சிரித்தார். பெரியவளிடம் ஒருநாளும் சிரிக்காத சிரிப்பு.

சட்டென்று ஒலியை நிறுத்தினாள். ஆனாலும் திருடிய புரோகிராமைத் தன் கணினியில் ஓடவிட்டாள். முதல்முறையாக அது ஓடியது. உடனே திரையில் ஒரு வரி.

இணைப்பு வந்தது.

கேட்டது: அம்மாவின் முகம். அனுப்பியாச்சு.

செத்துப்போன அம்மாவை நினைத்துப் பார்த்தாள். புடவை நினைவிருந்தது. அதற்கு மேலே எதுவும் இல்லை.

அதே ஓட்டை. இவளிடமும்.

கணினியின் வயரைப் பிடுங்கினாள். நிற்கவில்லை.

கேட்டது: குரல். அனுப்பியாச்சு.

வாசல் கதவு திறந்தது. "அக்கா, வந்துட்டோம்!"

வாயைத் திறந்தாள். காற்றுகூட வரவில்லை. சுவருக்கு அப்பால், பூட்டிய அறைக்குள்ளிருந்து பெரியவளின் குரலே பதில் சொன்னது. அவள் ஒருநாளும் பேசியிராத கனிவோடு.

"வா கண்ணு. உன் புரோகிராம்ல ஒரு ஓட்டை இருக்கு, சொல்றேன்."

"நல்லவேளைக்கா! ஆமா, பூட்டின ரூமுக்குள்ள எப்படிப் போனீங்க?"

சாவி திரும்பியது. சின்னவளோடு அந்தக் குரலும் சிரித்தது.

கேட்டது: முகம்.

அனுப்பியாச்சு.

இருட்டு. கையை உயர்த்தினாள். நெற்றியிலிருந்து மோவாய்வரை விரல்கள் எதிலும் தட்டாமல் வழுக்கி இறங்கின.