லோகநாதனின் விசிறி

நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய பிக்கப் வண்டி ஒன்றை, ஒரு சித்திரை மதியம், பாரிவாக்கத்தில் தேவாவின் ஒர்க்ஷாப்புக்குள் ஓட்டி வந்து நிறுத்தினான் ஸ்ரீகாந்த். ஹாரன் அடித்தான். தேவா எதிரிலேயேதான் நின்றிருந்தார். இருந்தாலும் அடித்தான்.

ஸ்ரீகாந்துக்கு ஐடி வேலை, வேலப்பன்சாவடியில் ஃபிளாட். காட்டையும் மலையையும் பற்றி அவன் பேசாத நாளில்லை. போனது ஒரே ஒருமுறை, ஜவ்வாது மலைக்கு. பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்து நின்றுவிட, தக்காளி ஏற்றிப் போன டிராக்டர்தான் வண்டியைக் கீழே இழுத்து வந்தது. டிராக்டர்காரனுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று அதற்கும் ஒரு குறை சொன்னான்.

எஞ்சினோடு பெல்ட்டில் சுற்றும் பழைய விசிறியைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓடும் இரட்டை விசிறி வைக்க வேண்டும் என்றான். பழையது எஞ்சின் மெதுவாக ஓடினால் தானும் மெதுவாகத்தான் சுற்றும். ஏற்றத்தில் காற்று போதாது. புதியது, சூடு ஏறினால் தானாக முழு வேகம் எடுக்கும். விவரம் சரிதான். அதை ஒரு மெக்கானிக்குக்கே பாடம் எடுப்பதுபோல் சொன்னதுதான் தாங்கவில்லை.

"சொன்னா சிரிப்பீங்க," என்று அவனே முந்திக்கொண்டு சிரித்தான்.

வண்டியை விற்றது ஆவடியில் இருக்கும் சரசா என்ற விதவை. கணவர் லோகநாதன் பீரங்கி வண்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். திருநெல்வேலிப் பக்கத்து ஆள். ஓடும் எஞ்சினில் என்னவோ சத்தம் கேட்கிறதென்று பானட்டுக்குள் குனிந்தார். கழுத்துத் துண்டு விசிறியில் சிக்கியது. அவ்வளவுதான். சாவியைக் கொடுக்கும்போது அந்த அம்மாள் ஸ்ரீகாந்தின் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாளாம்.

"அந்த ஃபேன மட்டும் கழத்திராதீங்க தம்பி. அவுக அதுலதான் இருக்காக."

இதை அவன் அலுவலகத்தில் நடித்துக் காட்டியிருந்தான். அவளுடைய குரலிலேயே. எல்லோரும் சிரித்தார்களாம்.

தேவா சிரிக்கவில்லை. பக்தியும் இல்லை, பயமும் இல்லை. இந்த ஆளை அவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். சீக்கிரம் முடித்து அனுப்பிவிட நினைத்தார். பழைய விசிறியைக் கழற்றி மூலையில் இருந்த இரும்புக் குவியலில் போட்டார். விழுந்த பிறகும் அது கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்தது. தகடு அதிர்கிறது என்று நினைத்தார்.

புதிய விசிறிகளைப் பொருத்தி, ஒயர் இழுத்து, எஞ்சினை ஓடவிட்டார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அனல் தகித்தது. சூடு ஏறியதும் இரண்டு விசிறிகளும் சீறிக்கொண்டு கிளம்பின. ஸ்ரீகாந்த் தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறை.

எஞ்சினை நிறுத்தினார்கள். விசிறிகள் நிற்கவில்லை.

"அது அப்படித்தான். சூடு தணியற வரைக்கும் ஓடும்," என்றான் ஸ்ரீகாந்த்.

உண்மைதான். ஓடட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். ரேடியேட்டர் கை வைக்கும் அளவுக்கு ஆறியது.

விசிறிகள் ஓடின.

தேவா பேட்டரி ஒயரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

ஓடின.

வெளியே சாலையில் போன தண்ணீர் லாரியின் சத்தம் எங்கோ கிணற்றுக்குள் கேட்பதுபோல் அமுங்கிப் போனது. டீசல் நாற்றத்தின் நடுவே வேறொரு வாடை வந்தது. வெற்றிலை மென்ற வாய், மிக அருகில் மூச்சு விடுகிற வாடை.

"சார், கிட்ட போவாத. வா இப்பால," என்றார் தேவா மெதுவாக.

ஸ்ரீகாந்த் அவரை ஏற இறங்கப் பார்த்தான். ஒயரை ஒழுங்காக இழுக்கத் தெரியாதவன் பேயைச் சொல்லித் தப்பிக்கிறான் என்று வாய்விட்டே சொன்னான். சொல்லிக்கொண்டே குனிந்தான்.

விசிறிகள் நின்றன.

பார்த்தாயா என்பதுபோல் இன்னும் குனிந்தான். கழுத்தில் நாடாவோடு தொங்கிய கம்பெனி அடையாள அட்டை, விசிறி இறக்கைகளின் நடுவே விழுந்தது.

இடப்பக்க விசிறி சுற்றத் தொடங்கியது.

வேகமாக இல்லை. பாய் சுருட்டுகிறவர் நிதானத்தில், மெதுவாக. ஒரு சுற்றுக்கு ஒரு பிடி என்று நாடா உள்ளே போனது. அவன் இரண்டு கைகளாலும் ரேடியேட்டரை உந்திப் பார்த்தான். தலை இறங்கிக்கொண்டேயிருந்தது. கன்னம் தகட்டில் பட்டது. ஆறியிருந்த தகடு இப்போது கொதித்தது. கத்த வாய் திறந்தான். சத்தம் வரவில்லை, மூச்சுதான் உள்ளேயிருந்து உறிஞ்சப்பட்டது.

காதருகே ஒரு குரல், மரியாதையாக.

"இன்னும் கொஞ்சம் குனிங்க தம்பி."

தேவா நாடாவை அறுத்தார். அறுத்த முனை சரசரவென்று உள்ளே ஓடி மறைந்தது. ஸ்ரீகாந்த் தரையில் விழுந்து, தவழ்ந்து வாசலுக்குப் போனான். யார் பேசியது என்று திரும்பத் திரும்பக் கேட்டான். தான் வாயே திறக்கவில்லை என்றார் தேவா.

வண்டியை எடுக்க அவன் வரவேயில்லை. கழுத்துத் தழும்பைப் பற்றிக் கேட்பவர்களிடம், வேலை தெரியாத மெக்கானிக்கிடம் மாட்டிக்கொண்டதாகச் சொல்கிறான். சரசாவின் குரலில் மட்டும் இப்போது பேசுவதில்லை.

அது நடந்த மறுநாள் காலை தேவா இரண்டு விசிறிகளையும் கழற்றி எறிந்தார். ரேடியேட்டருக்குப் பின்னால் வெறும் இடைவெளி. ஷெட்டில் அந்த வண்டி நிற்கவே கூடாது என்று, பின்பக்கத் தரிசுக்கு ஓட்டிப்போய்ப் புங்கமரத்தடியில் நிறுத்தினார். காற்று துளியும் இல்லை. எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிக்கொண்டு இறங்கினார்.

உதிர்ந்து கிடந்த சருகு ஒன்று தரையைவிட்டு எழுந்து, வண்டியின் முன்பக்கக் கம்பி வலையில் போய் ஒட்டிக்கொண்டது.

பிறகு இன்னொன்று.

அவர் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே, அவருடைய சட்டையின் நுனி மெதுவாக வண்டியை நோக்கி நீண்டது.