அடித்ததுபோக மிஞ்சிய இரண்டு வரிகள்

இது சித்திரை விடுமுறைக்கு முன்பா பின்பா என்று இப்போது எனக்கு நிச்சயமாகச் சொல்ல வரவில்லை. இதில் கூடவே இருந்த பவாஸ் இதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை தன் பங்கைச் சொல்லாமல் விட்டார். இரண்டாம் தடவை அதை மட்டுமே திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டையும் வைத்து நான் கோத்துக்கொண்டது இது. மழை பெய்ததாக எழுதியிருக்கும் இடத்தில் ஒருவேளை மழை பெய்திருக்காது. பேசியவை ஏறக்குறையச் சரி.

செவ்வாய்க்கிழமை காலை, கண்டி கொழும்பு வீதியில் ஒரு பாமசிக்கு மேலேயுள்ள சிறிய அறைக்கு ஹாஷிம் வந்தார். அந்த அறை இராஜேஸ்வரியுடையது. ஒரு பத்திரிகையின் கண்டிக் கிளையில் முப்பத்தொரு வருடம் வரிவிளம்பரம் வாங்கும் மேசையில் இருந்தவர் அவர். வீடு விற்பவர்களும் வரன் தேடுபவர்களும் எழுதிக் கொடுத்ததை வாசித்து வாசித்து, எந்தச் சொல்லை ஒருவர் மனதறிந்து எழுதுகிறார், எந்தச் சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது என்று அவருக்குத் தெரிந்துபோயிருந்தது. ஓய்வு பெற்ற பிறகு படிவம் நிரப்பிக் கொடுத்தார், மொழிபெயர்த்தார். கையொப்பம் இல்லாத கடிதங்களைச் சிலர் கொண்டுவந்து, எழுதியவர் யார் என்று கேட்டார்கள். அப்படித்தான் இந்த வேலையும் வந்து சேர்ந்தது. அவருக்குத் துணை பவாஸ். கீழே போன் திருத்தும் கடை வைத்திருப்பவர், முப்பது வயது. மேலே யாராவது கலங்கிய முகத்துடன் படியேறுவதைக் கண்டால் கடையைப் பாதி மூடிவிட்டுப் பின்னாலேயே வந்துவிடுவார்.

ஹாஷிம் அலவத்துகொடைக்காரர். அக்குறணையில் பாத்திரக் கடை வைத்திருந்த ஒருவரின் மகன். தந்தை மௌத்தாகி, அவர் மறைவோடு கடையும் மூடிப் பன்னிரண்டு வருடம். இப்போது ஹாஷிம் மிளகும் கராம்பும் வாங்கி விற்கிறார். போனை எடுத்து மேசையில் வைத்தார்.

"மிஸ், இது எங்கட உம்மாட சஹன். ரெண்டு கெழமைக்கு முந்தி ஊட்டுல கந்தூரிச் சாப்பாடு. அடுத்த நாள் பாத்தா சஹனக் காணல்ல. இப்ப இன்டர்நெட்டுல ஏலம் போகுது. ஓரத்துல நீலப் பூ, அதுல ஒரு பூவுக்கு மட்டும் நாலு எதழ். எங்கடதான்."

சஹன் என்பது ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய தட்டு. இது சீனப் பீங்கான்.

"போட்டவர் யார்?"

"பேரு 'கண்டி அன்டிக்ஸ்'ன்னு ஈக்கி. நம்பர் இல்ல. ஆனா எனக்குத் தெரியும். ஊட்டுல சமைக்க வந்த பிரேமிளா. ஹேவாஹெட்ட தோட்டத்து ஆள், ரெண்டு வருஷமா ஈந்தா. எல்லார் முன்னாலயும் கேட்டேன். அழுதாளே ஒழிய ஒத்துக்கொள்ளல்ல. அனுப்பிட்டேன். இத எழுதினது அவதான்னு ஒரு கடதாசி எழுதித் தாங்க. வெள்ளிக்கெழம ஏலம் முடியுது. அதுக்குள்ள அவ ஒத்துக்கொள்ளாட்டி பொலிஸுக்குக் குடுப்பேன்."

இராஜேஸ்வரி விளம்பரத்தைச் சத்தமாக வாசித்தார்.

"அரிதிலும் அரிது! நூறு வருடப் பழமை வாய்ந்த அசல் சீனப் பீங்கான் சஹன். மியூசியம் தரம். சேகரிப்பாளர்களின் கனவு. இனிக் கிடைக்கவே கிடைக்காது. சூடான சோறு வைத்தால் அடியில் மெல்லிய ஈரம் கசியும், வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது. மூன்று நாள் வைத்துப் பார்த்து மனதுக்குச் சரியில்லாவிட்டால் திருப்பித் தரலாம். கடைசிச் சந்தர்ப்பம்! முந்துங்கள்!"

வாசித்து முடித்து நடுவிலிருந்த ஒரு வரிக்குத் திரும்பினார்.

"இதில் கசிவு என்று எழுதியிருக்கே. உண்மையா?"

"பொய் மிஸ். நாப்பது வருஷமா அதுல தின்றேன். ஒரு ஐபும் கொறையும் இல்ல. எங்கட வாப்பா அந்த விஷயத்துல கண்டிப்பு. கடையில ஒரு கோப்பையில கீறல் ஈந்தாலும் சின்னத் துண்டு எழுதி ஒட்டித்தான் வைப்பார். மொதல்ல கொறையச் செல்லு, பொறகு வெலையச் செல்லு, மூணு நாளுக்குள்ள திருப்பிக் கொண்டுவந்தா மொகம் சுளிக்காம எடு. அதுதான் அவர்ட சட்டம். தங்கச்சி பாயிஸாதான் இஸ்கூல் விட்டு வந்து அந்தத் துண்டெல்லாம் எழுதுவா. அப்பிடி வாழ்ந்த மனிசன்ட சாமான இவள் இப்பிடி..."

"உங்கள் மனைவி?"

"ரபீகாவா? கம்பளைக்காரி. நான் கலியாணம் முடிச்சது கடை மூடின பொறகு."

இராஜேஸ்வரி பவாஸைப் பார்த்தார். "அந்தத் தளத்துல ஒரு இருநூறு விளம்பரம் பாருங்க. எல்லாரும் எழுதுற சொல் எது, யாருமே எழுதாதது எது? அத மட்டும் எனக்குச் சொல்லுங்க. வேற ஒண்ணும் செய்யாதீங்க."

வியாழக்கிழமை காலை பவாஸ் ஒரு கொப்பியோடு ஓடி வந்தார்.

"மிஸ், 'அரிது' நூத்தி நாப்பத்தி மூணு எடத்துல ஈக்கி. 'கடைசிச் சந்தர்ப்பம்' நூறுக்கு மேல. ரெண்டு வருஷம் பாவிச்ச ரைஸ் குக்கருக்கு 'மியூசியம் தரம்'னு போட்டிருக்கான் ஒருத்தன்!"

"போன மாசம் நீங்க வித்த போனுக்கும் அப்படித்தானே போட்டீங்க."

"அது... அப்பிடிப் போடாட்டி ஒருத்தரும் பாக்கமாட்டாங்க மிஸ்."

"சரி. யாரும் எழுதாதது?"

"குறை. இருநூறுல ஒருத்தன்கூட சாமான்ட குறையச் செல்லல்ல. திருப்பி எடுப்போம்னும் ஒருத்தனும் இல்ல. 'வித்தது வித்ததுதான்'னு அடியில போட்டிருக்காங்க."

இராஜேஸ்வரி விளம்பரத்தை ஒரு தாளில் பிரதி செய்து, எல்லாரும் எழுதும் சொற்களைப் பென்சிலால் ஒவ்வொன்றாக அடித்தார். அரிதிலும் அரிது போனது. மியூசியம் போனது. கனவும் கடைசிச் சந்தர்ப்பமும் போயின. இரண்டு வரிகள் மிஞ்சின.

"மத்ததெல்லாம் ஊரில் இரவல் வாங்கினது. இந்த ரெண்டு வரிதான் ஆள்," என்றார்.

பவாஸுக்கு ஆர்வம் தாங்கவில்லை. "இன்னொண்ணு மிஸ். நான் சும்மா ஈக்கல்ல. ஹாஷிம் நானாட்ட அந்தப் பொம்பளைட போட்டோ வாங்கி, 'கள்ளி! எச்சரிக்கை! உடனே பகிருங்கள்! தவறவிடாதீர்கள்!' அப்பிடின்னு செவ்வாய்க்கெழமையே குரூப்புல போட்டுட்டேன். நானூறு ஷெயார்!"

 கீழே பாமசியில் யாரோ மருந்தின் பெயரை எழுத்தெழுத்தாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இராஜேஸ்வரி பென்சிலை மேசையில் வைத்தார்.

"அழிங்க."

பவாஸ் அழித்தார். அழித்த பிறகும் விரலைத் திரையிலிருந்து எடுக்காமல் நின்றதாக என்னிடம் சொன்னார். இராஜேஸ்வரி அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதைத்தான் தன்னால் தாங்க முடியவில்லை என்றார்.

அன்று பின்னேரம் இருவரும் மாத்தளை பஸ்ஸில் அலவத்துகொடைக்குப் போனார்கள். மழை பெய்துகொண்டிருந்தது என்றுதான் நினைக்கிறேன். ஹாஷிமின் முன்னறையில் அவரும் ரபீகாவும் இருந்தார்கள். பக்கத்துத் தெருவில் வசிக்கும் தங்கை பாயிஸாவையும் பிரேமிளாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். பிரேமிளா ஹேவாஹெட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து வாசல் பக்கம் நின்றார்.

"ஒராளோட தனியாப் பேசத்தான் எனக்கு விருப்பம்," என்றார் இராஜேஸ்வரி. "ஆனா பிரேமிளாவைக் கேட்டது எல்லார் முன்னாலயும். அதனால இதையும் எல்லார் முன்னாலயும்தான் சொல்லணும். பிரேமிளா, உக்காருங்க."

"வேணாங்க. நிக்கிறேன்."

பிரேமிளா பவாஸின் முகத்தையே பார்த்தார். பதிவு போட்டவர் என்று பவாஸின் போட்டோவும் சிறியதாக அதன் மூலையில் இருந்திருக்க வேண்டும்.

"போன்ல என் படத்தப் போட்டது நீங்கதானே?"

பவாஸ் தலையை மட்டும் அசைத்தார்.

"எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல எல்லாரும் பாத்துட்டாங்க. மகளுக்கு கிளாஸ்ல காட்டியிருக்காங்க." கோபமில்லாமல், ஒரு தகவலைச் சொல்வதுபோலச் சொன்னார்.

இராஜேஸ்வரி ரபீகாவின் பக்கம் திரும்பினார். "சஹன்ல சோறு வச்சு விரிப்புல வைக்கும்போது அடியில ஏதாவது போடுவீங்களா?"

"மடிச்ச துணியொண்ணு வைப்பேன் மிஸ்."

"எனத்துக்கு?" என்றார் ஹாஷிம்.

ரபீகா கணவனை வியப்போடு பார்த்தார். "எனத்துக்கா? நனையுமே. கல்யாணம் முடிச்சு வந்த நாளையிலேந்து அப்பிடித்தானே. நீங்க தின்னுட்டு கை கழுவப் போயிடுவீங்க, எடுக்கிறது நாங்கதானே. உங்கட உம்மாதான் எனக்குக் காட்டித் தந்தாங்க."

ஹாஷிம் மனைவியின் கைகளைப் பார்த்தார்.

"ஆகவே அந்தக் கசிவு பொய்யில்லை," என்றார் இராஜேஸ்வரி. "நாப்பது வருஷம் அதுல சாப்பிட்டவருக்கு அது தெரியாது. எடுத்துக் கழுவினவங்களுக்குத் தெரியும். ரபீகா, பாயிஸா, பிரேமிளா. மூணு பேர். இது முதல் வரி."

அவர் தாளை மடிமீது வைத்து நீவிவிட்டார்.

"ரெண்டாவது வரி, மூணு நாளுக்குள்ள திருப்பித் தரலாம். களவெடுத்தவர் விக்கிற சாமானைத் திரும்பக் காண விரும்பமாட்டார். இதை எழுதினவர் தன்னைக் கள்ளர்னு நினைக்கல்ல. தன்னோட சாமான விக்கிறதா நினைச்சிருக்கார். அதோட, ஊரே எழுதுற மாதிரி எழுதிக்கொண்டு வந்தவருக்கு, குறையைச் சொல்ற இடம் வந்ததும் கை நிக்கல்ல, பழகினத எழுதிட்டுது. முதல்ல குறை, பிறகு மூணு நாள். இது அக்குறணையில பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தி மூடின ஒரு கடையோட சட்டம். பிரேமிளா இங்க வந்து ரெண்டு வருஷம். ரபீகா வந்தது கடை மூடின பிறகு. ஹாஷிமுக்குச் சட்டம் தெரியும், கசிவு தெரியாது. ரெண்டும் தெரிஞ்ச ஆள்..."

அவர் பெயரைச் சொல்லவில்லை.  நான் கேட்ட இரண்டு தடவையும் பவாஸ் இந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். அந்த மௌனம் ஐந்து நிமிடம் இருந்தது என்றார் ஒரு தடவை; மறு தடவை, அரை நிமிடம் என்றார்.

"நான்தான் நானா," என்று அண்ணனிடம் சொன்னார் பாயிஸா.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "உம்மா அத எனக்குன்னு செல்லித்தான் மௌத்தானாங்க. உங்களுக்கும் தெரியும். போன வருஷம் கேட்டேன். சபை நெறைய ஆக்கள் ஈக்கக்குள்ள, 'கலியாணம் முடிச்சுப் போன பொம்பளைக்கு எங்கட ஊட்டுச் சஹன் எனத்துக்கு'ன்னு சிரிச்சீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. பொறகு கேக்க வெக்கமா ஈந்துச்சு. மகள்ட நேர்ஸிங் கோர்ஸுக்குச் சேக்கணும், உங்கள்ட்ட வந்து கை நீட்டவும் வெக்கம். கந்தூரி முடிஞ்சு எடுத்துட்டுப் போனேன். விளம்பரம் எப்பிடி எழுதுறதுன்னு தெரியாது. மத்தவங்க போட்டதப் பாத்து எழுதினேன். நூறு வருஷமா, மியூசியமா, எனக்கு எனத்தத் தெரியும்? ஆனா கசியிறதச் செல்லாம விக்க ஏலாம போச்சு. வாப்பா கேப்பார்ன்னு ஈந்துச்சு."

"இவளக் கேட்டப்போ பேசாம நின்டியே," என்றார் ஹாஷிம்.

"ஓம். நின்டேன்." பாயிஸா முதல் தடவையாகத் தலையை உயர்த்திப் பிரேமிளாவைப் பார்த்தார். "ஒரு பாத்திரத்துல கீறலச் செல்ல முடிஞ்சுச்சு. இதச் செல்ல முடியல்ல."

பிரேமிளா சேலைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு சொன்னார்:

"நான் பாத்தேங்க. கந்தூரி அன்னைக்குப் பெரிய பையில வச்சு எடுத்துட்டுப் போனாங்க. அவங்க வீட்டுச் சாமான அவங்க எடுத்துட்டுப் போறாங்கன்னுதான் நெனச்சேன்."

"தெரிஞ்சும் எனத்துக்குச் செல்லல்ல?" ஹாஷிமின் குரல் உயர்ந்தது.

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா? களவெடுத்ததும் இல்லாம வீட்டுப் பொம்பள மேலயே பழியப் போடுறான்னுதானே சொல்லியிருப்பீங்க."

 ஹாஷிம் எழுந்து நின்றார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாதவர்போல மறுபடி உட்கார்ந்தார். ரபீகா தேநீர் கொண்டுவந்தார். யாரும் எடுக்கவில்லை. பிரேமிளா, கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வெளியே போனார். வாசலில் செருப்பை மாட்டும்போது பவாஸ் பின்னால் போய் ஏதோ சொன்னார். என்ன சொன்னார் என்று என்னிடம் சொல்லவில்லை. "அவங்க 'சரிங்க'ன்னு மட்டும் சென்னாங்க" என்றார்.

ஏலம் அன்றிரவே நீக்கப்பட்டது. சஹன் இப்போது பாயிஸாவின் வீட்டில் இருக்கிறது. இதுவரை அதில் யாரும் சாப்பிடவில்லை. மகளை ஹாஷிம்தான் நேர்ஸிங் கோர்ஸில் சேர்த்துவிட்டார்; அண்ணனும் தங்கையும் பெருநாளுக்கு ஒரே பாயில் உட்கார்ந்தாலும் அதிகம் பேசுவதில்லை. ஹாஷிம் ரபீகாவையும் கூட்டிக்கொண்டு ஹேவாஹெட்டைக்குப் போய், லயத்து ஆட்கள் கேட்கும்படி பிரேமிளாவிடம் மன்னிப்புக் கேட்டார். பிரேமிளா அவர்களுக்குக் கதிரை போட்டார், தேநீர் கொடுத்தார், திரும்ப வேலைக்கு வரவில்லை. பவாஸ் தன் படத்தோடு ஒரு மன்னிப்புப் பதிவு போட்டார். அதில் அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. பதினொரு பேர் பகிர்ந்தார்கள். அவர் இப்போது விற்கும் போன்களுக்குக் குறையை முதலில் எழுதுகிறார், விற்பனை குறைவு. இராஜேஸ்வரி அதே அறையில் இருக்கிறார். பிரேமிளா பேராதனைப் பக்கம் ஒரு விடுதிச் சமையலறையில் வேலை செய்கிறார். அங்கே அவரிடம் யாரும் இதைப்பற்றிக் கேட்டதில்லை. யாராவது போனைப் பார்த்துவிட்டுத் தன்னை நிமிர்ந்து பார்த்தால், கையிலிருப்பதை வைத்துவிட்டுக் கேள்விக்காகக் காத்து நிற்கிறார்.