எட்டுப் புள்ளிகள்

கடவுச்சொல் கேட்கும் பெட்டியில் ஒரு புள்ளி இருந்தது. தேஜஸ்ரீ இன்னும் ஒரு விசையைக்கூடத் தொட்டிருக்கவில்லை.

தூசியாக இருக்கும் என்று துப்பட்டா நுனியால் திரையைத் துடைத்தாள். போகவில்லை. பெட்டிக்கு மேலே வட்டத்துக்குள் அவள் கணவன் சாய்கிருஷ்ணா, தென்னந்தோப்பில் கூலிங்கிளாஸ் போட்டு நின்றுகொண்டிருந்தான். அவன் இறந்து நாலு மாதம். கடவுச்சொல்லும் அவனோடு போய்விட்டது. உயிரோடிருந்த நாளில் கேட்டால், உனக்கெதுக்கு கண்ணு அதெல்லாம் என்று சிரிப்பான். அந்தச் சிரிப்புக்குப் பிறகு எதையும் கேட்க முடியாது.

மணி இரண்டேகால். நாலு மணிக்கு வேலைக்கான ஆன்லைன் தேர்வு. போனில் எழுத முடியாது, அவன் விட்டுப்போன இந்த லேப்டாப்தான் வேண்டும். எம்.சி.ஏ. பட்டத்தைப் பீரோவில் பூட்டி வைத்து ஒன்பது வருடம் இருந்தவளுக்கு, முப்பத்தைந்து வயதில் ஒரு கம்பெனி கடைசியாகத் திறந்த கதவு அது. கிடைத்தால் மகள் கனிஷ்காவைக் கூட்டிக்கொண்டு கம்பெனி இருக்கும் சரவணம்பட்டிக்குப் போய்விடலாம். இல்லையென்றால் கிணத்துக்கடவில் இந்த வீடுதான், கடைசிவரைக்கும். மாமியாரும் கனிஷ்காவும் அன்னூரில் சொந்தக்காரர் வீட்டுச் சீருக்குப் போயிருந்தார்கள். இந்த ஒரு மத்தியானம்தான் அவளுடையது.

கடவுச்சொல் இல்லாவிட்டால் என்ன, எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் ஏற்றிக்கொள் என்று கூடப் படித்த மௌனிகாதான் பென்டிரைவைத் தயார் செய்து பஸ்ஸில் கொடுத்தனுப்பியிருந்தாள். சொருகி, ஆன் செய்து, F12 விசையைத் தட்டினால் பட்டியலில் பென்டிரைவ் வர வேண்டும். வரவில்லை. பழைய ஹார்டுடிஸ்க் மட்டும் ஒற்றை வரியாக நின்றது. பயாஸ் அமைப்புக்குள் போய், வெளி டிரைவைத் தடுக்கும் 'செக்யூர் பூட்' என்ற காவலை நிறுத்திப் பார்த்தாள். அப்படியும் மெஷின் தன் பழைய வழியிலேயே போய், அவன் படத்தைக் கொண்டுவந்து நிறுத்தியது.

இப்போது மூன்று புள்ளிகள்.

வெளியே மழை கட்டிக்கொண்டு நின்றது. பாலக்காட்டுப் பக்கமிருந்து வரும் காற்றில் தென்னை ஓலைகள் ஒன்றோடொன்று உரசும் சத்தம், யாரோ செருப்பைத் தேய்த்து நடப்பதைப் போலவே வாசல்வரை வந்து நின்றது. அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. மௌனிகாவுக்குப் போன் போட்டாள். புள்ளிகளைப் பற்றிச் சொல்ல வாயெடுத்துவிட்டு, பென்டிரைவைப் பற்றி மட்டும் கேட்டாள்.

"என்ற பென்டிரைவ்ல ஒண்ணுமில்ல புள்ள, நேத்துதான் ஆபீஸ்ல நாலு மெஷினுக்குப் போட்டேன். உன்ற ஊட்டுக்காரர் மெஷின்தான் அவராட்டவே முறுக்கிக்குது. சொருகற ஓட்டையப் பாரு."

டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு ஓட்டை எப்போதோ உடைந்துபோனது. இன்னொன்று மஞ்சளாக அடைத்திருந்தது. போன வருஷ ஆயுத பூஜை. டிராக்டர், மோட்டார், லேப்டாப் என்று பேதமில்லாமல் எல்லாவற்றுக்கும் மூன்று விரலால் சந்தனம் இழுத்தவன் அவன். மிச்சமிருந்ததை இதன் பக்கவாட்டில் வழித்துவிட்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இவ்வளவுதானா. ஊக்கால் சுரண்டினாள். பொடியாக உதிரும் என்று நினைத்தாள்.

ஈரமாக வந்தது. குளிர்ந்து, இப்போதுதான் அரைத்ததைப் போல மணத்தது.

பென்டிரைவைச் சொருகி மறுபடி ஆன் செய்தாள். அவசரத்தில் F12 தவறிவிட்டது. அவன் படம். ஏழு புள்ளிகள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டாவது விழுந்தது. பிறகு பெட்டி மறைந்தது. நல்வரவு என்று எழுத்து வந்தது. சின்ன வட்டம் சுற்றத் தொடங்கியது.

யாரோ உள்ளே போகிறார்கள். அல்லது வெளியே வருகிறார்கள்.

பவர் பட்டனை அழுத்தினாள். விரல் நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். இருண்டது.

அடுத்த முறை பட்டியலில் பென்டிரைவ் வந்தது. டிஸ்கிலுள்ள அனைத்தும் அழியும், சம்மதமா என்று கேட்டது. ஒன்பது வருடத்தின் படங்கள். அவள் யோசிக்கவில்லை. அழுத்திய பிறகு நெஞ்சுக்குள் எழுந்தது துக்கமில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. அவன் இறந்த அன்றும் அதே லேசான ஒன்றுதான் எழுந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

மூன்று ஐம்பதுக்குப் புதுத் திரை வந்தது. படமில்லை. பெயரில்லை. தேர்வுக்குள் நுழைந்து கேமராவைப் போட்டாள். கண்காணிக்கும் பெண் சின்ன வயசுக் குரலில் அடையாள அட்டையைக் காட்டச் சொன்னாள். காட்டினாள்.

"ரெண்டு கையையும் மேசை மேல வைங்க மேடம்."

வைத்தாள்.

"தோள்ல இருக்கற கை யாருதுங்க? ரூம்ல வேற யாரும் இருக்கக் கூடாதுங்க மேடம். ஒரு நிமிஷத்துல போகச் சொல்லுங்க. இல்லீன்னா தேர்வு கேன்சலாயிரும்."

திரை மூலையில் அவள் முகம். இடது தோளில் நாலு விரல்கள். ஒட்ட வெட்டிய நகங்கள். தோளில் எந்தக் கனமும் தெரியவில்லை.

கத்தினால் தேர்வு போய்விடும். எழுந்தாலும் போய்விடும். திரும்பிப் பார்க்க முடியாது. ஐம்பது விநாடி. நாற்பது. காரியம் முடிந்த அன்று மாமியார் சொல்லியிருந்தாள், இனி வாய்தவறிக்கூட அவனைக் கூப்பிட்டுவிடாதே, கூப்பிட்டால் வந்துவிடுவான் என்று. ஆனால் ஒன்பது வருடத்தில் அவள் அவனைப் பெயர் சொல்லி அழைத்ததேயில்லை. எதிர்த்துப் பேசியதுமில்லை. அவளிடம் இருந்தது ஒரே ஒரு சொல். பத்து விநாடி.

"ஏனுங்க," என்றாள் மெதுவாக. "கொஞ்சம் கையெடுங்க."

விரல்கள் ஒவ்வொன்றாக எழுந்தன.

"தேங்க்ஸ் மேடம். ஆரம்பிக்கலாம்."

நூற்றிருபது நிமிடம் ஓடத் தொடங்கியது. முதல் கேள்வி வந்தது. விடை அவளுக்குத் தெரியும். வலது கையை மவுசின் மேல் வைத்தாள். கேமராவுக்கு எட்டாத அந்த இடத்தில், அவள் கைமேல் இன்னொரு கை வந்து அமர்ந்தது. இப்போது கனம் இருந்தது. அவள் விரல்களுக்கிடையே விரல்களைக் கோத்துக்கொண்டது. நசுக்கவில்லை. நகரவும் விடவில்லை.

நூற்றுப் பத்தொன்பது.

நூற்றுப் பதினெட்டு.