மூன்றாம் ஏரியில் மூழ்கிய முத்திரை

அன்புமிக்க வாசகர்களே, என்னோடு சற்று மேலே ஏறி வாருங்கள். மூச்சு வாங்கத்தான் செய்யும், பரவாயில்லை. இமயத்தின் மடியில் கிண்ணம்போல் குழிந்த அந்தப் பள்ளத்தாக்கில், பனிமலை உருகி நிறைத்த ஐந்து ஏரிகள், ஒன்றில் வழிந்த நீர் அடுத்ததில் விழ, படிப்படியாக இறங்கி, அந்தி வெயிலில் மின்னிக்கொண்டிருந்தன. மேலிரண்டும் பனி அரைத்த கல்மாவு கலந்து பாலாய் வெளுத்திருக்க, மூன்றாவதோ மாவு அடங்கி, நீலம் பாரித்துத் தெளிந்திருந்தது.

அதன் கரையில் நின்றாள் இளவரசி மந்தாரை. பகைத் தளபதி கோட்டையைப் பிடித்த அன்று, அவள் தந்தை அரச முத்திரையை இந்த ஏரியில் வீசிவிட்டுத்தான் உயிர் துறந்தார். கடைசி ஏரிக்கரையில் குடித்தலைவர்கள் படையோடு காத்திருக்கிறார்கள். விடிவதற்குள் முத்திரை வந்தால் அவர்களுடைய வாள்கள் மந்தாரையின் பக்கம், வராவிட்டால் தளபதியின் பக்கம்!

அவளருகே அழிசி, கொற்கையின் முத்துக்குளிப்பவன். அரண்மனைக்கு முத்துக் கொண்டுவந்தவன், அவளுக்காகவே ஊர் திரும்பாமல் தங்கிவிட்டான். சற்றுத் தள்ளி, முகத்தைக் கம்பளியால் மூடிய வழிகாட்டி, ஓர் இடையன்.

"குளிருக்கு அஞ்சுகிறீரா, அழிசி?" என்றாள் இளவரசி, அண்ணனும் அவளும் அவனோடு பழகிக் கற்ற தமிழில்.

"குளிரு கெடக்கட்டும். கயிறு பிடிக்க ஆளில்லியே!"

"நான் பிடிக்கிறேன்."

"நீங்க பிடிக்கப்படாது. எங்க ஊர்லே முங்குறவன் கயிறை மச்சினன்தான் பிடிப்பான். கூடப்பொறந்தவ தாலியாச்சே, கை நழுவ விடமாட்டான். எனக்குப் பொண்டாட்டியே இல்லே, மச்சினனுக்கு எங்கே போவேன்?"

இடையன் உரக்கச் சிரித்தான். "இவ்வளவுதானா? கொண்டா கயிறை!"

"நீ யாருய்யா பிடிக்க?"

இடையன் கம்பளியை விலக்கினான். கன்னத்தில் நீண்ட வெட்டுத் தழும்பு.

"அண்ணா!" என்று அலறினாள் மந்தாரை. ஆம், போரில் மாண்டான் என்று நாடே அழுத இளவரசன் சோமசேனன்தான் அவன்!

"தோற்று ஓடியவன் எந்த முகத்தோடு உன் முன் வருவேன், அம்மா?" என்றவன், கயிற்றைத் தன் இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டான். அதன் பொருள் அழிசிக்குப் புரிந்தது. நாணத்தோடு இளவரசியைப் பார்த்தான்.

"என்ன பார்க்கிறீர்? அண்ணன்தான் பிடித்துவிட்டாரே, இறங்கும்!" என்றாள் அவள், முகம் சிவக்க.

கயிற்றின் மறுமுனையைத் தன் இடுப்பில் கட்டி, கனத்த கல்லொன்றைத் தழுவி மூழ்கினான் அழிசி. கொற்கைக் கடலின் இளஞ்சூடு எங்கே, எலும்பைக் கவ்வும் இந்தப் பனிநீர் எங்கே! முதல் மூழ்கலில் வெறுங்கை. இரண்டாவதிலும் வெறுங்கை, உதடு நீலம் பாய்ந்துவிட்டது.

"போதும், ஏறி வாரும்!" என்றான் சோமசேனன்.

"இன்னும் ஒரு முங்கு."

மூன்றாம் முறை கயிறு அசையவேயில்லை. மந்தாரை தன் மூச்சையும் அடக்கி நின்றாள். பிறகு கயிற்றில் ஒரே ஓர் இழுப்பு! சோமசேனன் உள்ளங்கை கிழிய இழுத்தான். கரையில் விழுந்தவனின் விறைத்த விரல்களை மந்தாரை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். உள்ளே முத்திரை!

அவள் அதை அண்ணனிடம் நீட்டினாள்.

"நான் ஓடினேன், நீ நின்றாய். உன்னிடமே இருக்கட்டும்."

முத்திரையை இடைக்கச்சில் முடிந்தாள் அவள். "இந்த ஐந்து ஏரிகள்மேல் ஆணை! அந்தத் தளபதியின் கொடி நம் கோட்டையிலிருந்து இறங்கும்வரை மணமாலை சூடேன். அதுவரை காத்திருப்பீரா, அழிசி?"

பற்கள் கிடுகிடுக்க எழுந்து நின்றான் அழிசி. "காத்துக்கிட்டெல்லாம் இருக்க மாட்டேன். கூடவே வாறேன். மச்சான், அந்தக் கம்பளியை இப்படிக் குடுங்க!"