எந்த நைனாவுக்குத் தொப்பி?

திருத்தணி மலை அடிவாரத்தில் தணிகைமணியின் தொப்பிக் கடை இருக்கிறது. மொட்டை போட்டவர்களை வெயில் நேராக அங்கேதான் அனுப்பிவைக்கும். அன்றைக்கு மட்டும் மதியமாகியும் போணி ஆகவில்லை. முதல் விற்பனை நடக்காத நாளில் அவரிடம் யாரும் பேச முடியாது. அதனால் மகள் பானுப்ரியா வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

நகரியிலிருந்து வந்த ஓர் அம்மா கடை முன் நின்றார்.

"நைனாவுக்கு ஒரு தொப்பி குடுங்க."

அந்தப் பக்கம் அப்பாவும் நைனாதான். செல்லமாகக் கூப்பிட்டால் பிள்ளையும் நைனாதான். போணி அவசரத்தில் தணிகைமணி அதை மறந்துவிட்டார். இருப்பதிலேயே பெரிய தொப்பியை நீட்டினார்.

அந்த அம்மா அதைத் தன் இடுப்பிலிருந்த குழந்தைக்குப் போட்டார். குழந்தையைக் காணோம். தொப்பிதான் வீல் என்று அழுதது.

"ஓ, இந்த நைனாவுக்கா!" என்றார் தணிகைமணி. கடையில் சின்னத் தொப்பி இல்லை. "பரவால்லம்மா, வளர்ற புள்ளதான? அடுத்த வருசமும் ஆவும்."

அந்த அம்மா தொப்பியைக் கழற்றியதும் பானு குழந்தையைப் பார்த்தாள். தொப்பியின் தையல் உரசி, புதிதாக மழித்த தலை சிவந்திருந்தது. அவளுக்குப் பாவமாக இருந்தது.

"அக்கா, இது வேணாங்க, குத்தும். பக்கத்துக் கடையில பொதட்டூர்பேட்டை துண்டு இருக்குது. மெத்துனு இருக்கும். அத தலையில கட்டுங்க."

அந்த அம்மா தொப்பியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

பக்கத்துக் கடை சுப்பிரமணியுடையது. ஆடிக் கிருத்திகைக்குப் பந்தல் கயிறு கட்டியதில் சண்டை வந்ததிலிருந்து அவருக்கும் தணிகைமணிக்கும் பேச்சில்லை.

"போணியே ஆவல. அந்தாளு கடைக்கா அனுப்புற?"

"கொழந்த அழுதுகினு இருந்துச்சு, நைனா. நம்ம தொப்பி குத்துச்சு."

"எங்க குத்துது?" என்று அவரே தொப்பியைப் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் நெற்றியைச் சொறிந்தார். பிறகு கழற்றி வைத்தார்.

சற்று நேரத்தில் அந்த அம்மா திரும்பி வந்தார். குழந்தை தலையில் துண்டுடன் தூங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வரிசையாகச் சந்தனம் பூசிய மொட்டைகள்.

"இவங்கள்லாம் எங்க வீட்டுப் பெரிய நைனாங்க. இந்தப் பொண்ணு சொல்ற தொப்பிதான் எடுப்போம்."

தணிகைமணியின் முகம் மலர்ந்தது. தொப்பிகளை அள்ளி எடுத்தார். பானு தொப்பிகளைப் பார்க்கவில்லை. அந்த மொட்டைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் அவளைப் பார்த்தார். தன் நெற்றியை ஒரு தரம் தடவிக்கொண்டார். பிறகு பக்கத்துக் கடையை நோக்கிக் குரல் கொடுத்தார்.

"யோவ் சுப்பிரமணி! அந்த மெத்து துண்ட எடுத்துகினு வாய்யா. அடியில கட்டாம போட்டா, நைனாங்களுக்கு என் தொப்பி குத்தும்!"