நீளச் சத்தம் வரும்வரை

அன்னைக்கும் வழக்கம்போல ஒன்பது மணிக்குத்தான் வேலைக்குப் போனேன். சுள்ளுன்னு வெயில். பேய்க்கதை சொல்றவங்க முதல்ல மழையைக் கொண்டுவருவாங்க, இல்லைன்னா நடுராத்திரியைக் கொண்டுவருவாங்க. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நடந்தது எல்லாம் பட்டப்பகல்ல. அதனாலதான் இப்போ பகல்லகூட எனக்கு நிம்மதியில்லை.

நான் தகடு வேலை பார்க்கிறவன். போர்க்காலத்து விமானங்களைப் பழுது பார்த்து வைக்கிற நினைவகத்துல இருபது வருஷமா இருக்கேன். பழைய நூல் மில் கட்டடம் அது. மேல பெரிய கூடத்துல குண்டு போடுற விமானம் ஒண்ணு நிக்குது. ஏரிச் சேத்துலேர்ந்து துண்டு துண்டா எடுத்து வந்ததை ரிவெட் ஆணி ஒவ்வொண்ணா அடிச்சு நான் சேர்த்தது. அதுக்கு நேர் கீழே, முப்பத்திரண்டு படி இறங்கினா, போர்க்காலத்துல ஜனங்க ஒளிஞ்சிருந்த பதுங்கு அறை. குண்டு போட்டது மேல, குண்டுக்குச் செத்தவங்க கீழ. ரெண்டையும் ஒரே கூரைக்கடியில வச்சா எப்படிங்கன்னு நான் அப்பவே கேட்டேன். என் பேச்சை யார் கேக்குறாங்க!

எங்க அம்மாவுக்கு இந்த வேலை கொஞ்சமும் பிடிக்காது. "அந்தப் பிசாசைக் குளிப்பாட்டி, பவுடர் போட்டு உக்காத்தி வச்சிருக்கியே, நீ நல்லா இருப்பியா"ன்னு திட்டுவாங்க. வயசு எண்பத்தாறு. மூச்சிரைப்பு வேற. வாக்கர் இல்லாம நாலு அடி நடக்க முடியாது. ஆனா வானத்துல ஒரு விமானம் போனாப் போதும், தட்டை அப்படியே போட்டுட்டு சாப்பாட்டு மேஜைக்கு அடியில போயிடுவாங்க. நானும் என் மனைவியும் சேர்ந்துதான் வெளிய தூக்கணும்.

அவங்களுக்கு ஒரு தம்பி இருந்தார். அஞ்சு வயசுல இந்தப் பதுங்கு அறையிலதான் செத்தார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஒரு போட்டோகூட கிடையாது. அதுக்கு மேல ஏதாவது கேட்டா அம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டு எழுந்திருச்சிடுவாங்க.

நினைவகப் பொறுப்பாளருக்கு நாங்க வச்ச பேரு அட்டை மேடம். எதைப் பார்த்தாலும் ஒரு அட்டையில விவரம் எழுதி மாட்டிடுவாங்க. சும்மா நின்னா என் கழுத்துலயும் ஒண்ணு தொங்கும். "உங்க அம்மாவை ஒரு தடவை கூட்டிட்டு வாங்களேன், பேசச் சொல்லிப் பதிவு பண்ணிக்கிறேன்"னு அஞ்சாறு வருஷமாக் கேட்டுக்கிட்டிருக்காங்க. அம்மா அந்தத் தெருப் பக்கமே வந்ததில்லை.

அன்னைக்கு என் வேலை சைரன். கையால சுத்துற பழைய சைரன். குண்டு விழுந்தப்போ மில் கூரைமேல இருந்தது, இடிபாட்டுலேர்ந்து எடுத்தது. அடுத்த வாரம் நினைவு நாளுக்கு அது ஊதணும்னு மேடம் ஆசைப்பட்டாங்க. துருவைச் சுரண்டினேன், கிரீஸ் வச்சேன். பெட்டிமேல மங்கிப்போயிருந்த எழுத்துக்கு மெல்லிசு பிரஷ்ல நானே பெயிண்ட் கொடுத்தேன்.

'ஏறி இறங்கும் சத்தம்: ஆபத்து. ஒரே நீளச் சத்தம், முழு நிமிடம்: ஆபத்து நீங்கியது. நீளச் சத்தம் கொடுக்காமல் நிறுத்தக் கூடாது. சோதனைக்கும் இதுவே விதி.'

எழுத்துக்கு எழுத்து அழகா எழுதினேன். எழுதி என்ன பிரயோஜனம்?

மூணு மணிக்கு முற்றத்துல வச்சு சுத்திப் பார்த்தேன். முதல்ல முனகிச்சு. அப்புறம் ஏறிச்சு. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, ஊர் முழுக்கக் கேட்டிருக்கும். ரெண்டு நிமிஷம்கூட ஆகலை, மேடம் போனைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடிவந்தாங்க.

"நிறுத்துங்க, நிறுத்துங்க! பள்ளிக்கூடத்துலேர்ந்து போன், பிள்ளைங்க எல்லாம் அழுறாங்களாம்!"

பதறிப்போய்க் கைப்பிடியை அமுக்கிப் பிடிச்சேன். உள்ளே கடக்குன்னுச்சு. பல்சக்கரம் சிக்கிக்கிச்சு. சரி, டீ குடிச்சிட்டு வந்து பார்த்துக்கலாம்னு கடைக்குப் போயிட்டேன்.

நீளச் சத்தம் கொடுக்கலை.

பாதி டீயில மனைவிகிட்டேர்ந்து போன். குரலே சரியில்லை.

"அம்மாவைக் காணோங்க. கடைக்குப் போயிட்டு வர்றேன், கதவு திறந்து கிடக்கு. வாக்கர் இங்கேயே நிக்குது."

"பாத்ரூம் பார்த்தியா?"

"எல்லா இடமும் பார்த்துட்டேன். அவங்க பூட்டியே வச்சிருப்பாங்களே, அந்தத் தகரப் பெட்டி, அதுவும் திறந்து கிடக்கு. உள்ள ஒண்ணுமே இல்லை."

வீட்டுக்கும் நினைவகத்துக்கும் நடுவுல நாலே தெரு. சைரன் வீடு வரைக்கும் கேட்டிருக்கும்னு அப்போதான் உறைச்சுது, நினைவகத்துக்கே திரும்பி ஓடினேன். முற்றத்தைத் தாண்டினதும் பார்த்தேன், காலையில நான் சாத்திப் பூட்டின பதுங்கு அறையோட இரும்புக் கதவு அகலத் திறந்திருந்துச்சு.

"அம்மா?"

இறங்கினேன்.

பத்துப் படி வரைக்கும் வழக்கமான ஈர வாடைதான். அதுக்கப்புறம் வேற வாடை. நனைஞ்ச கம்பளி. மண்ணெண்ணெய் விளக்கு. குளிக்காத உடம்புங்க. ஒரு அடைச்ச அறையில ரொம்ப நேரமா ரொம்பப் பேர் மூச்சு விட்டா வருமே, அந்தப் புழுக்கம். நான் ஆயிரம் தடவை இறங்கின படி அது. அன்னைக்குக் கால் கூசிச்சு.

கீழே ஒத்தை பல்பு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. சுவரோரமா ரெண்டு பக்கமும் நீள பெஞ்சு, ஒவ்வொண்ணும் இருபது பேர் உக்காரலாம். அத்தனையும் காலி.

இடது பெஞ்சோட கடைசியில அம்மா.

மீதி பெஞ்சு பூரா காலியாக் கிடக்க, தோளை ஒடுக்கி, முழங்காலைச் சேர்த்து, நெரிசல்ல இடம் கிடைச்சவங்க உக்காருவாங்களே, அப்படி உக்காந்திருந்தாங்க. வலது கையில ஒரு குழந்தையோட ஷூ. ஒத்தை ஷூ.

"என்னம்மா இது? எப்படி வந்தீங்க? எழுந்திருங்க, போகலாம்."

"மெதுவாப் பேசு," அம்மா கிசுகிசுத்தாங்க. "எல்லாரும் பயந்துபோயிருக்காங்க."

பெஞ்சு கிறீச்சுன்னுச்சு. அம்மா அசையலை.

மேலேர்ந்து மெல்லிசா சுண்ணாம்புத் தூள் கொட்ட ஆரம்பிச்சுது. அம்மாவுக்கு இருமல் வந்துச்சு. நெஞ்சுக்குள்ள விசில் அடிக்கிற மாதிரி இழுத்துச்சு. இன்னும் கொஞ்ச நேரம் இந்தத் தூசியில இருந்தா அம்மா பிழைக்க மாட்டாங்கன்னு எனக்குப் புரிஞ்சுது. கையைப் பிடிச்சுத் தூக்கினேன். வரலை. என்னால தூக்க முடியாத உடம்பா அது?

அப்போதான் பார்த்தேன். அம்மாவோட ஸ்வெட்டரின் இடது ஓரம் விறைப்பா இழுபட்டு நின்னுச்சு. வெறும் காத்துல. அந்தப் பக்கம் யாருமே இல்லை.

"விட மாட்டான்," அம்மா சொன்னாங்க. "நான்தானே சொல்லிட்டுப் போனேன். ஒரு ஷூ வீட்டுலயே விட்டுப்போச்சுன்னு அழுதான்டா. எடுத்துட்டு வர்றேன், யார் கூப்பிட்டாலும் அசையாதே, நீளச் சத்தம் வந்தப்புறம்தான் எழுந்திருக்கணும்னு சொன்னேன். நான் எடுத்துட்டுத் திரும்புறேன், படி இடிஞ்சு மூடிக் கிடக்கு. கூரைமேல சைரனும் போச்சு. நீளச் சத்தம் கொடுக்க ஆளே இல்லை." இருமினாங்க. உதடு நீலமா மாறிக்கிட்டிருந்துச்சு. "நாலு நாள் கழிச்சுத் தோண்டுறப்போ எல்லாரும் உக்காந்தபடியே இருந்தாங்களாம். அவனும்தான். நான் சொன்ன பேச்சை ஒரு தடவைகூட மீறாத பிள்ளைடா."

எழுபத்தாறு வருஷம் கழிச்சு ஆபத்துன்னு ஊதினது நான். பாதியில விட்டுட்டு டீ குடிக்கப் போனதும் நான். என்னையே செருப்பால அடிச்சுக்கணும்போல இருந்துச்சு.

"இருங்கம்மா. இதோ வந்துட்டேன்."

முப்பத்திரண்டு படியும் எப்படி ஏறினேன்னு தெரியாது. சைரன் கைப்பிடி அசையலை. சுத்தியலால பக்கத் தகட்டைத் தட்டிக் கழட்டி, சிக்கின பல்லை ஸ்க்ரூடிரைவரால நெம்பினேன். விரல் கிழிஞ்சு ரத்தம் வந்துச்சு. மேடம் ஓடிவந்து, "அடக் கடவுளே, மறுபடியுமா"ன்னாங்க.

"சும்மா இருங்க மேடம்!" கத்திட்டேன்.

பல் விடுபட்டுச்சு. சுத்தினேன். ஏறிச்சு. இறங்க விடாம ஒரே சீராப் பிடிச்சேன். பத்து எண்ணினேன், இருபது எண்ணினேன். நாப்பதுல தோள்பட்டை கழண்டு விழுந்துடும்போல இருந்துச்சு. அறுபது வரைக்கும் விடலை.

அப்புறம் ஒரே அமைதி.

படியில காலடிச் சத்தம்.

ஒண்ணு இல்லை, ரெண்டு இல்லை. பல பேர். மெதுவா, கால் மரத்துப் போனவங்க ஏறுற மாதிரி ஏறிவந்தாங்க. வாசல்ல யாரும் தெரியலை. வெள்ளைத் தூசி மட்டும் கணுக்கால் உயரத்துக்குப் புகைஞ்சு புகைஞ்சு வெளிய வந்துச்சு. யாரோ இருமினாங்க. நனைஞ்ச கம்பளி வாடை என்னை உரசிக்கிட்டே போச்சு. அட்டை மேடம் சுவரோட ஒட்டிக்கிட்டு வழிவிட்டு நின்னாங்க. அவங்க வாய் திறந்தே இருந்துச்சு.

எல்லாருக்கும் கடைசியில அம்மா வந்தாங்க. தானே நடந்து. மூச்சு சீரா இருந்துச்சு. வலது கையில ஷூ இல்லை. இடது கையைக் கொஞ்சம் தாழ்த்தி, விரலை மடக்கி வச்சிருந்தாங்க.

வீடு வரைக்கும் அம்மா வாக்கர் இல்லாமலே நடந்தாங்க. ரோட்டைத் தாண்டுறப்போ மட்டும் நின்னு, இடது பக்கம் குனிஞ்சு பார்த்துட்டு நடந்தாங்க. எனக்கு அந்தப் பக்கம் போகவே தைரியம் வரலை.

ஏழு மணிக்குச் சாப்பிட உக்காந்தோம். அப்போ மேடம் போன் பண்ணினாங்க.

"பதுங்கு அறையில தோண்டி எடுத்த ஒத்தை ஷூ கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்துச்சே, நீங்க எடுத்தீங்களா? என் அட்டை மட்டும்தான் உள்ள கிடக்கு. பூட்டு அப்படியே இருக்கு."

அந்தக் கண்ணாடிப் பெட்டியை வாராவாரம் நான்தான் துடைப்பேன். யாரோட ஷூன்னு ஒரு நாள்கூட யோசிச்சதில்லை.

போனை வைக்கிறேன், வானத்துல ஒரு விமானம். தாழப் பறந்துச்சு. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்துச்சு. பழக்கதோஷத்துல நானும் மனைவியும் எழுந்திருக்கப் போனோம்.

அம்மா அசையலை. வாழ்க்கையில முதல் தடவையா. சாப்பிட்டுக்கிட்டே இடது கையை மட்டும் மேஜைக்கு அடியில விட்டாங்க.

"ஒண்ணுமில்லடா," மெதுவாச் சொன்னாங்க. "அது பாட்டுக்குப் போயிடும்."

மனைவி கையிலிருந்த கரண்டி நழுவிச்சு.

மேஜைக்கு அடியில யாரோ என் கால் கட்டைவிரலைப் பிடிச்சாங்க. சின்னச் சின்ன விரல். ஐஸ்கட்டி மாதிரி சில்லுனு. சுண்ணாம்புத் தூள் நறநறன்னு உரசிச்சு.

எனக்கு வயசு ஐம்பத்தெட்டு. ஆனாலும் முறையில அவர்தானே பெரியவர். குனியாமலே சொன்னேன்.

"பயப்படாதீங்க மாமா. நீளச் சத்தம் கொடுத்தாச்சு."

விமானம் போய் ரொம்ப நேரம் ஆச்சு. பிடி தளரலை.