நான்காவது பெயர்

துப்பறியும் அலுவலகத்துக்குக் கர்ட் லிண்ட்க்விஸ்ட் படியேறி வந்தபோது மைலோ பெக்கின் வாய் நிறைய பேகல் ரொட்டி. கலிஃபோர்னியாவின் சாண்ட் ஹில் சாலை முதலீட்டாளர்கள் சீருடை போலப் போட்டுக்கொள்ளும் கையில்லாத சாம்பல் நிற ஜாக்கெட்டைப் பார்த்ததுமே பெரிய இடத்துக் கேஸ் என்று புரிந்தது. அவசரமாக விழுங்கிவிட்டு நோட்டைத் திறந்தார். வரி அலுவலகத்தில் முப்பது வருடம் குப்பை கொட்டி ஓய்வு பெற்ற மைலோவுக்கு, ரூத் ஹாலரனோடு துப்பறியப் போவதுதான் இப்போது உயிர்.

ரூத் முன்னாள் வக்கீல். எதிரில் இருப்பவர் தானாக எல்லாவற்றையும் கொட்டும்வரை பேசாமல் இருக்கத் தெரிந்தவர்.

“நாளைக்கு ஒரு பொண்ணை வேலையை விட்டு அனுப்பப் போறேன்,” என்றார் கர்ட். “அதுக்கு முன்னாடி அவதான் செஞ்சான்னு நிச்சயமாத் தெரியணும்.”

கர்ட்டின் முதலீட்டு நிதி நிறுவனம் இருபது புதுக் கம்பெனிகளில் பணம் போட்டிருந்தது. இந்தத் தொழிலில் இருபதில் பன்னிரண்டு மண்ணைக் கவ்வும். இரண்டோ மூன்றோதான் மொத்த நஷ்டத்தையும் ஈடுகட்டும். அதனால் பாதிப் பணத்தைத் தொடாமல் வைத்திருந்து, தேறும் என்று தோன்றுகிற கம்பெனிகளுக்கு மட்டும் இரண்டாம் முறை கொடுப்பார்கள். யாருக்குக் கிடையாது என்பது பரம ரகசியம். பழைய முதலீட்டாளரே கையை விரித்தால் புதிதாக எவன் வருவான்?

“போன மாசம் மூணு கம்பெனிக்கு இல்லைன்னு முடிவு பண்ணினேன். அவங்ககிட்ட இன்னும் சொல்லல. யாருக்கு எவ்வளவுன்னு எழுதி இருக்கறது ஒரே ஒரு தாள். அந்தப் பொண்ணு, என் உதவியாளர் நோரா பெல்ட்ரான், டைப் அடிச்சா, நான் டிராயர்ல வெச்சுப் பூட்டினேன். எங்க ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.” கர்ட் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “இந்தத் திங்கட்கிழமை, டேல் ஹட்சின்ஸ்னு வேற நிதிக்காரன், நாங்க பணம் போட்ட கம்பெனி ஒண்ணை நடத்தற சொலேன் ப்ராக்குக்கு ஃபோன் பண்ணி, ‘உங்க ஆளே உங்களைக் கை கழுவிட்டாரு, நான் பணம் போடல’ன்னுட்டான். கூடவே இன்னும் மூணு பேரையும் சொன்னானாம்.”

“ஆக நாலு பேர். நாலும் சரியா?” என்று கேட்டார் ரூத்.

“அதான் கூத்து. மூணு சரி. சொலேன் தப்பு. அவளுக்குத்தான் இருக்கறதுலயே அதிகம் குடுக்கப் போறேன்.”

மைலோ துள்ளினார். “புரிஞ்சுபோச்சு! திருடினது தெரியக் கூடாதுன்னு நோரா வேணும்னே ஒரு பேரை மாத்திச் சொல்லியிருக்கா!”

“நீ பேகலை முடி, மைலோ,” என்ற ரூத், கர்ட்டிடம் திரும்பினார். “ஹட்சின்ஸைக் கடைசியா எங்க பார்த்தீங்க?”

“வெள்ளிக்கிழமை, எங்க வீட்டு விருந்துல. நாங்க பணம் போட்ட கம்பெனிக்காரங்க எல்லாரையும் வருஷா வருஷம் கூப்பிடுவேன். அவனும் வந்தான். என் மேசையில உட்கார்ந்துதான் மீன் சாப்பிட்டான். ஆனா வேலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. பேச முடிஞ்சாத்தானே? சொலேனோட கைக்குழந்தை கதவுகிட்ட ஒரே அழுகை.”

ரூத் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிப் பார்த்தால் எதையோ பிடித்துவிட்டார் என்று அர்த்தம். மைலோவுக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

மதியம் நோராவைப் பார்க்கப் போனார்கள். இருபத்தெட்டு வயது. மேசையைக் காலி செய்து ஒரு அட்டைப் பெட்டியில் எல்லாவற்றையும் அடுக்கியிருந்தாள். கண்கள் வீங்கியிருந்தன.

“ரகசியத்தை வித்தவள்னு பேர் வந்துட்டா இந்த ரோட்டுல எனக்கு ஒரு வாட்ச்மேன் வேலைகூடக் கிடைக்காது,” என்றாள். “அந்தத் தாள்ல முதல் வரியே சொலேன்தான், ஒன்பது மில்லியன் டாலர்னு போட்டு. அதைப் பார்த்த எவனும் அவளுக்கு இல்லைன்னு சொல்ல மாட்டான்.”

மைலோவுக்குக் காலையில் தான் சொன்னது ஞாபகம் வந்து கூசிப்போனது. இந்தப் பெண் திருடியிருக்க மாட்டாள் என்று அந்த நிமிடமே மனசார நம்பினார்.

“விருந்துல நீ எங்க உட்கார்ந்திருந்தே?” என்று கேட்டார் ரூத்.

“கதவோர மேசையில. வக்கீலுங்க, ஆடிட்டர், நான். அப்புறம் மூணு கம்பெனிக்காரங்க. யார் எங்கன்னு கர்ட்தான் படம் போட்டுக் குடுத்தார். நான் பேர் அட்டை எழுதி வெச்சேன். சொலேனுக்குக் கர்ட்டோட மேசையிலதான் இடம். குழந்தை அழுததால, வெளியே போக வரச் சௌகரியம்னு எங்க மேசைக்கு நாற்காலியைத் தூக்கிட்டு வந்துட்டா.”

மைலோவின் பேனா நின்றுவிட்டது. ரூத் அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

மறுநாள் காலை கர்ட்டின் கூட்ட அறையில் நோரா, சொலேன், மைலோ மூவரும் உட்கார்ந்திருக்க, ரூத் ஒரு வெள்ளைத் தாளைக் கர்ட்டின் முன் நகர்த்தினார்.

“வெள்ளிக்கிழமை யார் எங்க உட்கார்ந்தாங்கன்னு வரைஞ்சு காட்டுங்க.”

கர்ட் சலிப்போடு நான்கு வட்டங்கள் போட்டார். தன் மேசையை நிரப்பினார். அடுத்தது, அதற்கடுத்தது. நான்காவது வட்டத்துக்கு வந்ததும் ஒரு பெயர் எழுதினார். இன்னொன்று. மூன்றாவது பெயரின் பாதியில் கை நின்றது.

“மீதியை நான் சொல்றேன்,” என்றார் ரூத். “சொலேனுக்குப் பணம் இல்லைங்கிற தப்பு எந்தத் தாள்லயும் இல்ல. அவங்க நாற்காலியை நகர்த்தினதுல இருந்து விருந்து முடியற வரைக்கும், அந்த ஒரு ரூம்ல மட்டும்தான் அந்தத் தப்பு இருந்துச்சு. ஹட்சின்ஸுக்கு யாரும் எதுவும் சொல்லல. அவரும் உங்க தொழில்தானே? விருந்துல யாரைப் பக்கத்துல வெச்சுக்கறீங்க, யாரை வக்கீலுங்களோட தள்ளி வைக்கறீங்கன்னு பார்த்தாரு. கதவோர மேசையில அந்த மூணு பேரோட சொலேனும் இருந்ததால, அவங்களையும் கணக்குல சேர்த்துட்டாரு. நேத்து நானே கேட்டேன். சிரிச்சுக்கிட்டே ஒத்துக்கிட்டாரு.”

“நான் வேணும்னு செய்யல.” கர்ட் தாளைக் கவிழ்த்து வைத்தார். “அந்த மூணு பேர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு என்னால சாப்பிட முடியாதுன்னு தோணுச்சு. அவ்வளவுதான்.”

சொலேனுக்கு ஒன்பது மில்லியன் உறுதி என்று கர்ட் அங்கேயே கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். விஷயம் தெரிந்ததும் ஹட்சின்ஸ் பத்தே நிமிடத்தில் சொலேனுக்கு ஃபோன் செய்து, தானும் பணம் போடுவதாக வழிந்தார். அப்புறம் கர்ட் நோராவின் பக்கம் திரும்பினார். “என்னை மன்னிச்சிடு. போகாதே.”

“உங்க கோழைத்தனத்துக்கு என்னை பலி குடுக்கப் பார்த்தீங்க, கர்ட்,” என்றாள் நோரா. “நான் இருக்கேன். ஆனா அந்த மூணு பேர்கிட்டயும் இப்பவே நீங்க சொல்லணும். என் முன்னாடி.”

நியாயமான கோரிக்கைதான் என்று மைலோ நினைத்தார். இருந்தாலும், மூவரில் முதல் ஆளின் எண்ணை அழுத்தும் அந்தப் பெரிய மனிதரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“வெஸ்லி, நான் கர்ட் பேசறேன். உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும். முன்னாடியே சொல்லியிருக்கணும்…”

“தெரியும், கர்ட்,” என்றது ஸ்பீக்கரில் வெஸ்லியின் குரல். “என் பேர் அட்டை எங்க இருந்துச்சுன்னு பார்த்த உடனேயே எனக்கும் என் பொண்டாட்டிக்கும் தெரிஞ்சுபோச்சு. இந்த வாரம் பூரா, நீங்க கூப்பிடுவீங்களா மாட்டீங்களான்னு மட்டும்தான் தெரியாம இருந்துச்சு.”